கண்ணுக்குத் தெரியாததற்கும் கணக்கு உண்டு

மஞ்சள் நிறப் பலகை. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அதைச் சுற்றி மூன்று இறக்கைகள். பார்த்தால் மின்விசிறி போல இருக்கும்.

பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே அறையின் கதவில் இந்தப் படம் இருக்கும். புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கும் இடத்திலும் இருக்கும். பல்கலைக்கழகங்களில் சில ஆய்வுக்கூடங்களின் கதவிலும் இருக்கும். உள்ளே கதிர்வீச்சு உண்டு, விவரம் தெரியாமல் நுழையக் கூடாது என்பது இதன் பொருள். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் படமாகப் போட்டார்கள். ஆனால் அந்தப் படத்தின் பொருளை யாராவது ஒருமுறை சொல்லித் தரவேண்டும். சொல்லித் தராவிட்டால் அது வெறும் மின்விசிறிதான்.

நெருப்பு சுடும். கேஸ் கசிந்தால் நாற்றம் வரும். பாம்புகூடச் சீறும். கதிர்வீச்சு அப்படி எதையும் காட்டாது. நிறம் இல்லை. மணம் இல்லை. ருசி இல்லை. உடம்பில் பட்டாலும் அந்த நேரத்தில் தெரியாது. அதிகமாகப் பட்டால் தோல் புண்ணாகும். வாந்தி வரும். இரத்தம் கெடும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயும் வரலாம். உயிரே போவதும் உண்டு.

அப்படிப்பட்ட பொருளைப் பல்கலைக்கழகத்தில் எதற்கு வைத்திருக்கிறார்கள்? நியாயமான கேள்விதான்.

மணிச்சத்தில் ஒரு வகை

பயிருக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து வேண்டும் என்று விவசாயிகளுக்குத் தெரியும். மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் உரங்களில் இருப்பது இதுதான். நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பதும் இதுதான். பாஸ்பரஸ் இல்லாமல் எந்த உயிரும் வாழாது.

சாதாரண பாஸ்பரஸ் கதிர் வீசாது. அதில் இன்னொரு வகையைச் செயற்கையாகச் செய்கிறார்கள். அதற்குப் பாஸ்பரஸ்-32 என்று பெயர். அது கதிர் வீசும். செடியும் சரி, மனித உடம்பும் சரி, இரண்டு வகைக்கும் வேற்றுமை பார்ப்பதில்லை. இரண்டையும் ஒன்றுபோலவே எடுத்துக்கொள்ளும்.

அதுதான் ஆராய்ச்சியாளருக்கு வசதி. உரத்தோடு கொஞ்சம் பாஸ்பரஸ்-32 கலந்து வைப்பார்கள். பிறகு வேர், தண்டு, இலை, கதிர் என்று ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். போட்ட உரம் எங்கே போனது, எவ்வளவு மண்ணிலேயே தங்கியது என்று தெரிந்துவிடும். ஆட்டின் கழுத்தில் மணி கட்டிவிட்டால் அது எந்தப் புதரில் மேய்கிறது என்று தெரியும் அல்லவா, அதுபோல. புற்றுநோய் எப்படி வளர்கிறது என்று ஆராய்பவர்களும் இதே பாஸ்பரஸைப் பயன்படுத்தினார்கள்.

இது தண்ணீர் போன்ற திரவமாகச் சிறு குப்பியில் வரும். வீசும் கதிர் காற்றில் சுமார் 20 அடி வரை போகும். ஆனால் ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு அதைத் தடுத்துவிடும். ஈயம்தானே கனமானது, ஈயத் தகட்டை வைத்தால் இன்னும் நல்லது என்று தோன்றும். இந்தப் பொருளுக்கு அது சரிவராது. அந்தக் கதிர் ஈயத்தில் மோதினால் எக்ஸ்ரே போன்ற வேறு கதிர் கிளம்பும். அதனால் முதலில் பிளாஸ்டிக் தகடு. தேவையானால் அதற்கு வெளியே ஈயம்.

பாஸ்பரஸ்-32க்கு ஒரு குணம் உண்டு. 14 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 16 படி நெல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யாரும் தொடவில்லை. ஆனாலும் 14 நாளில் 8 படி ஆகிவிடும். இன்னும் 14 நாளில் 4 படி. பிறகு 2 படி. பாஸ்பரஸ் எங்கும் ஓடிப் போகவில்லை. அது சாதாரணக் கந்தகமாக மாறிவிடுகிறது. இந்தக் குணம் நல்லதும்தான், கெட்டதும்தான். ஏன் என்பது பிறகு தெரியும்.

பாஸ்டன் அருகே ஒரு பல்கலைக்கழகம்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தை ஒட்டி கேம்பிரிட்ஜ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம் அது. 1995ஆம் ஆண்டு அங்கே புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் ஓர் இளம் ஆராய்ச்சியாளர் வேலை செய்துவந்தார்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் மீட்டர் வைத்துச் சோதித்தபோது, அவர் உடம்பிலிருந்தே கதிர் வருவது தெரிந்தது.

தோலிலோ சட்டையிலோ ஒட்டியிருந்தால் பிரச்சினை பெரிதல்ல. சட்டையைக் கழற்றலாம். சோப்புப் போட்டுக் கழுவலாம். இவருக்கு அப்படி இல்லை. பாஸ்பரஸ்-32 வயிற்றுக்குள் போயிருந்தது. வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலந்து எலும்பு வரைக்கும் போகும் பொருள் அது.

எவ்வளவு போயிருக்கும் என்று கணக்கிட்டார்கள். கதிர் வீசும் பொருளை அளக்க மைக்ரோகியூரி என்று ஓர் அளவு உண்டு. ஒரு தொழிலாளியின் உடம்பில் ஓர் ஆண்டில் 600 மைக்ரோகியூரி பாஸ்பரஸ்-32க்கு மேல் போகக் கூடாது என்பது அந்நாட்டு விதி. இவர் உடம்பில் ஏறக்குறைய 580 போயிருந்தது. ஓர் ஆண்டு முழுவதற்குமான வரம்பைக் கிட்டத்தட்ட ஒரேயடியாகத் தொட்டுவிட்டது.

அது எப்படி வயிற்றுக்குள் போனது? அவராகக் குடித்தாரா? கை தவறிப் போனதா? வேறு யாராவது அவருடைய உணவில் கலந்துவிட்டார்களா?

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இதை விசாரிக்கவே ஒரு சிறப்புக் குழுவை அனுப்பியது. பல்கலைக்கழகமும் விசாரித்தது. யாரோ வேண்டுமென்றே செய்த காரியம் என்ற சந்தேகம் வலுத்தது. ஆனால் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இதற்கு இரண்டு மாதம் முன்னால், 1995 ஜூனில், அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையத்திலும் இப்படி ஒன்று நடந்தது. அது பல்கலைக்கழகம் அல்ல, அரசு நிறுவனம். அங்கே ஒரு பெண் ஆராய்ச்சியாளர் உடம்பில் பாஸ்பரஸ்-32 இருந்தது. அவர் அப்போது கர்ப்பிணி. மற்றவர்களையும் சோதித்தார்கள். இன்னும் 26 பேர் உடம்பில் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. அவர்கள் தண்ணீர் குடித்த கூலரில் யாரோ அதைக் கலந்திருந்தார்கள். அங்கேயும் யார் என்று நிரூபிக்க முடியவில்லை.

எண்ணிப் பாருங்கள். அடுத்த நாள் காலையில் அந்த 27 பேரும் அதே இடத்துக்கு வேலைக்குப் போகவேண்டும். பக்கத்தில் இருப்பவர் நீட்டும் தேநீரை எப்படிக் குடிப்பது?

ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?

காரணம் அந்தப் பொருளிலேயே இருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு வரும் ஒரு குப்பியில் 1,000 மைக்ரோகியூரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கப் பெரிய எண். கண்ணால் பார்த்தால் இரண்டு துளி இருந்தாலும் இருக்கும். அத்தனை அடர்த்தி. அதனால் 580 மைக்ரோகியூரி ஒரு துளியிலேயே அடங்கிவிடலாம். ஒரு துளியைக் கலந்தால் சாப்பாட்டின் நிறமும் மாறாது, ருசியும் மாறாது.

சரி, குப்பியில் குறைந்தால் தெரிந்துவிடாதா? இங்கேதான் 14 நாள் குணம் குறுக்கே வருகிறது. குப்பி தொடாமல் இருந்தாலும் அதன் பலம் குறைந்துகொண்டே போகும். அரிசி மூட்டை என்றால் நிறுத்துப் பார்த்துவிடலாம். நேற்று 50 கிலோ, இன்று 48 கிலோ என்றால் 2 கிலோவை யாரோ எடுத்திருக்கிறார்கள். பாஸ்பரஸ்-32 தானாகவும் குறைகிறது, ஆள் எடுத்தும் குறைகிறது. எந்தக் குறைவு எதனால் என்று தெரியவேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உடனே எழுதிவைக்க வேண்டும். தேதி, நேரம், எடுத்தவர் பெயர், எடுத்த அளவு, மிச்சம். எழுதிவைத்தால் எந்த நாளிலும் கணக்குப் போட்டு, இன்று இவ்வளவுதான் இருக்கவேண்டும் என்று சொல்லிவிடலாம்.

எழுதாமல் விட்டால்? இரண்டு மாதம் கழித்து மிச்சம் இருப்பது பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவு. தடயம் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எழுதாமல் விடுவது எளிது. தொழிற்சாலைக்கு வாயிற்காவலர் உண்டு, ஷிப்டு உண்டு. ஆய்வுக்கூடம் அப்படி அல்ல. இரவு 2 மணிக்கும் யாராவது ஒரு மாணவர் பரிசோதனை செய்துகொண்டிருப்பார். ஒரு பிரிட்ஜைப் பல பேர் பயன்படுத்துவார்கள். எல்லோரும் படித்தவர்கள், எல்லோரும் தெரிந்தவர்கள். பூட்டு எதற்கு என்று ஓர் எண்ணம் வந்துவிடும். பூட்டுவது ஒருவரை அவமதிப்பது போலத் தோன்றும்.

உண்மையில் பூட்டும் பதிவேடும் நல்லவரைக் காப்பதற்குத்தான். ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் முதலில் யார்மேல் கண் போகும்? பாத்திரம் துலக்க வரும் அம்மாவின்மேல். அவர் எடுக்கவில்லை என்று அவரால் எப்படி நிரூபிக்க முடியும்? ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான். அறையைக் கூட்டுபவர், குப்பை எடுப்பவர், கண்ணாடிக் குழாய் கழுவுபவர், இவர்கள்மேல்தான் சந்தேகம் எளிதில் விழும். பதிவேடு சரியாக இருந்தால், அந்த நாளில் குப்பி எந்த அறையில், யார் கையில் இருந்தது என்று அதுவே சொல்லிவிடும். பதிவேடு இல்லையென்றால் எல்லோரும் சந்தேகத்துக்கு உரியவர்களே. பாதிக்கப்பட்டவரையே, நீயாகக் குடித்தாயா என்று கேட்கும் நிலை வரும்.

கர்நாடகத்தில் ஒரு தண்ணீர் கூலர்

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. கர்நாடகத்தில் கைகா என்ற இடத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களிடம் சிறுநீர் வாங்கிச் சோதிப்பது வழக்கம். 2009 நவம்பரில் அப்படிச் சோதித்தபோது 50க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் சிறுநீரில் டிரிட்டியம் என்ற கதிர் வீசும் பொருள் அதிகமாக இருந்தது. தேடிப் பார்த்தார்கள். ஒரு தண்ணீர் கூலரில் அது கலந்திருந்தது. உள்ளே வேலை செய்யும் யாரோ ஒருவரின் விஷமம் என்று அணுசக்தித் துறையினர் சொன்னார்கள்.

டிரிட்டியம் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிடும். தண்ணீரோடுதான் வெளியேறவும் செய்யும். அதனால் அந்தத் தொழிலாளர்களை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். நிறையக் குடித்தால் நிறையச் சிறுநீர் போகும், பொருளும் விரைவில் போய்விடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதிர்வீச்சு இருக்கும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சிறிய பட்டை கொடுப்பார்கள். அதற்கு டி.எல்.டி. பேட்ஜ் என்று பெயர். அதைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராக மாட்டிக்கொள்ள வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதை வாங்கிச் சோதிப்பார்கள். வெளியிலிருந்து உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது சொல்லும். வயிற்றுக்குள் போனதை அது சொல்லாது. டிரிட்டியம் வீசும் கதிர் மிகவும் பலவீனமானது. பேட்ஜுக்கு எட்டவே எட்டாது. அதனால்தான் சிறுநீர்ச் சோதனையும் வேண்டும். கைகாவில் சிறுநீர்ச் சோதனை இல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கூலர் இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ!

கதிர் வீசும் பொருள் உள்ள அறையில் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது என்று விதி இருப்பதும் இதனால்தான். அந்த அறையின் பிரிட்ஜில் சாப்பாட்டு டப்பா வைக்கக் கூடாது, கோடைக்காலமாக இருந்தாலும். அங்கே வேலை செய்பவர் கையுறை போடவேண்டும், கழற்றிய பிறகு கையைக் கழுவவேண்டும், மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். கூட்டிப் பெருக்குபவருக்கும் இது பொருந்தும். மீட்டர் என்பது பேராசிரியருக்கு மட்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அறையைப் பெருக்கும் முன் அறையைச் சோதித்துக் காட்டச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பாதுகாப்பைக் கவனிப்பதற்கென்றே ஒரு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. அவரிடம் கேட்கலாம். இந்த விதிகளை மேற்பார்வை செய்ய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதல் மும்பையில் செயல்பட்டு வருகிறது.

காலிக் குப்பி அழகாக இருக்கிறதே, மருந்து ஊற்றி வைக்கலாமே என்று வீட்டுக்கு எடுத்துப் போவது நம் ஊர் வழக்கம். அங்கிருந்து குப்பியும் வேண்டாம், ஈயப் பெட்டியும் வேண்டாம்.

டெல்லியில் மறந்துபோன இயந்திரம்

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நடந்ததும் ஒரு பாடம். அங்கே யாரும் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

வேதியியல் துறையில் ஓர் ஆராய்ச்சி இயந்திரம் இருந்தது. 1968 வாக்கில் கனடாவிலிருந்து வாங்கியது. அதற்குள் கோபால்ட்-60 என்ற பொருள் இருந்தது. பாஸ்பரஸை விடக் கோபால்ட் மிகவும் கடுமையானது. அதன் கதிரைத் தடுக்கக் கனமான ஈயம் வேண்டும். அது பாதியாகக் குறைய 14 நாள் போதாது, 5 ஆண்டுக்கு மேல் ஆகும். அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தியவர் ஓய்வு பெற்றுப் போனார். 1985க்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. அறையில் ஒரு மூலையில் கிடந்தது.

2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு அதையும் ஏலம் விட்டார்கள். மாயாபுரி என்ற இடத்தில் பழைய இரும்புக் கடைகள் ஏராளம். அங்கே போய்ச் சேர்ந்தது. ஈயத்துக்கு நல்ல விலை கிடைக்கும். தொழிலாளர்கள் அதை உடைத்தார்கள். உள்ளே இருந்த சிறு சிறு உலோகத் துண்டுகள் வெளியே வந்தன. ஒருவர் ஒரு துண்டைத் தன் பணப்பையில் வைத்துக்கொண்டார்.

சில நாளில் தோல் கறுத்தது. முடி உதிர்ந்தது. வாந்தியும் பேதியும் வந்தன. மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்த பிறகே, ஏப்ரலில், மீட்டரோடு நிபுணர்கள் மாயாபுரிக்கு வந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு தொழிலாளி இறந்துபோனார்.

இப்படிப்பட்ட இயந்திரத்தை ஏலம் விடக் கூடாது. ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவித்து, பாதுகாப்பாக அகற்றுபவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அது விதி. ஆனால் இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதையே மறந்துவிட்டவருக்கு விதி எப்படி நினைவு வரும்? 25 ஆண்டாக யாரும் எழுதாத பதிவேட்டின் விலையைக் கொடுத்தவர், அந்தப் பல்கலைக்கழக வாசலையே மிதிக்காத ஒரு கூலித் தொழிலாளி.

உலக நாடுகளின் அணுசக்தி முகமை 2007இல் இன்னொரு படத்தைக் கொண்டுவந்தது. பழைய மின்விசிறிப் படம் பலருக்குப் புரியவில்லை என்பதால்தான் இது. இந்தியா உட்பட 11 நாடுகளில் மக்களிடம் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்தார்கள். சிவப்பு முக்கோணம். மேலே அதே மின்விசிறி. அதிலிருந்து அலை அலையாகக் கதிர் இறங்குகிறது. கீழே ஒரு மண்டை ஓடு. பக்கத்தில் ஓடும் மனிதன்.

இந்தப் படத்தைக் கதவில் மாட்டுவதில்லை. ஆபத்தான இயந்திரத்தின் உள்பக்கத்தில், மூடியைக் கழற்றினால் மட்டும் தெரியும் இடத்தில் ஒட்டுகிறார்கள். பழைய இரும்பு உடைப்பவர் கையில் சுத்தியலோடு மூடியைத் திறக்கிறார். இந்தப் படம் தெரிகிறது. அப்போது சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, அந்த மனிதன் ஓடுவது போலவே ஓடவேண்டும். யாரையும் கிட்டே விடாமல் போலீசுக்குச் சொல்லவேண்டும்.